பொதுத் துடிப்பும் தனிப் பெருக்கமும்: சிவனசமுத்திரம் முதல் நுண்செயலி வரை

தசரா நாள்களில் மைசூரு அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் ஒளிரும். அவற்றுக்கு வரும் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. அரண்மனைக்கு எத்தனை செல்வாக்கு இருந்தாலும் அந்த 50-ஐத் தனக்கு மட்டும் 55 ஆக்கிக்கொள்ள இயலாது. மன்னார்குடியின் அரிசி ஆலையும் தில்லியின் ரயிலும் அதே துடிப்பில்தான் ஓடுகின்றன. துடிப்பு பொதுச் சொத்து. அதிலிருந்து எத்தனை மடங்கு வேகத்தைத் தனக்கென எடுத்துக்கொள்வது என்பதே ஒவ்வோர் எந்திரத்தின் தனி உரிமை.

கணினியின் செயலியை அதன் முத்திரை வேகத்துக்கு மேல் ஓட்டும் ‘ஓவர்கிளாக்கிங்’ என்னும் வழக்கம் பெரும்பாலும் விளையாட்டு ஆர்வலரின் பொழுதுபோக்காகவே பார்க்கப்படுகிறது. தொழில்நுட்ப வரலாற்றில் அதற்குரிய இடம் அதைவிடப் பெரிது. பொதுவான அடிப்படைத் துடிப்பை உயர்த்துவதா, தனிப் பெருக்கெண்ணை உயர்த்துவதா என்பதே அதன் மையச் சிக்கல். இதே சிக்கலை மைசூர் சமஸ்தானம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேறொரு வடிவில் சந்தித்தது.

1. காவிரியின் துடிப்பு

1902 ஜூன் மாதம் சிவனசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுக்கப்பட்ட மின்சாரம், 35,000 வோல்ட் அழுத்தத்தில் ஏறத்தாழ 147 கி.மீ. தொலைவு கடந்து கோலார் தங்க வயலை அடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்துத் தடங்களுள் அதுவும் ஒன்று. திட்டத்துக்கு அரசியல் உயிர் கொடுத்தவர் பாலக்காட்டுத் தமிழரான திவான் கே. சேஷாத்ரி ஐயர். பொறியியல் வடிவம் தந்தவர் ஏ.ஜே. டி லாட்பினியர். சேஷாத்ரி ஐயர் 1901-இலேயே காலமானார். தம் திட்டம் மின்சாரம் தந்ததை அவர் காணவில்லை. அந்த மின்சாரம் முதலில் சென்றது நகரங்களுக்கன்று, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் இறங்கி உழைத்த சுரங்கங்களுக்கு. பெங்களூருக்கு 1905-இலும் மைசூர் நகருக்கு 1908-இலும்தான் விளக்கு வந்தது.

சிவனசமுத்திரத்தின் மின்சாரம் நொடிக்கு 25 சுற்றுத் துடிப்புடையது. நயாகரா நீர்மின் நிலையம் 1895-இல் தேர்ந்ததும் அதே எண்தான். கனத்த மோட்டார்களுக்கும், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் சுழல் எந்திரங்களுக்கும் குறைந்த அதிர்வெண் உகந்தது. ஆனால் 25 சுற்றில் விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி நடுங்கும். சுரங்கத்துக்கு நன்மையான எண் வீட்டு விளக்குக்கு நன்மையானதன்று. அடிப்படைத் துடிப்பை எவர் நலனுக்காக நிர்ணயிப்பது என்னும் கேள்வி இங்கேயே எழுந்துவிட்டது.

எந்திரம் ஒவ்வொன்றும் அந்தப் பொதுத் துடிப்பிலிருந்து தன் வேகத்தைப் பெறும் முறை எளிய கணக்கு. ஒத்தியங்கும் மோட்டாரில் இரு காந்த முனைகள் இருந்தால் 25 சுற்றுத் துடிப்பில் அது நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். நான்கு முனைகள் இருந்தால் 750, பத்து முனைகள் இருந்தால் 300. துடிப்பை எவரும் தொடவில்லை. முனை எண்ணிக்கை என்னும் விகிதமே மாறுகிறது. 25 சுற்று வலையமைப்பை 50 சுற்று வலையமைப்போடு இணைக்க வேண்டியபோது பொறியாளர்கள் கையாண்ட வழியும் இதுவே. பத்து முனை மோட்டாரையும் இருபது முனை மின்னாக்கியையும் ஒரே அச்சில் பூட்டினால், 25-இல் சுழலும் மோட்டார் 50-இல் துடிக்கும் மின்சாரத்தைத் தரும். இரும்பாலும் செம்பாலும் செய்த ‘இரண்டு மடங்குப் பெருக்கி’ அது.

2. துடிப்பு ஒன்றாக இருந்த காலம்

தொடக்ககாலத் தனிநபர் கணினியில் பெருக்கெண் இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த விந்தையான எண்ணுக்குக் காரணம் தொலைக்காட்சி. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் துணை அலைக்குத் தேவையான 3.58 மெகாஹெர்ட்ஸைப் பெறுவதற்காக, அதைப்போல் நான்கு மடங்கான 14.318 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம் பலகையில் இடம்பெற்றது. அதையே மூன்றால் வகுத்துச் செயலிக்கும் கொடுத்தனர். ஒரு படிகம், பல பயன்கள். செயலியின் வேகத்தைத் தொலைக்காட்சியின் தேவை நிர்ணயித்தது.

1984-இல் வந்த ஐபிஎம் ஏடி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் படிகம் செருகியில் பொருத்தப்பட்டிருந்ததால், உரிமையாளர் சிலர் அதைக் கழற்றிவிட்டு வேகமான படிகத்தைச் செருகினர். ஐபிஎம் பின்னர் வெளியிட்ட பயாஸில் வேகத்தைச் சோதித்துத் தடுக்கும் நிரல் சேர்ந்தது. ஓவர்கிளாக்கிங்கின் வரலாறும் அதைத் தடுக்கும் பூட்டின் வரலாறும் இவ்வாறு ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கின.

படிகத்தை மாற்றினால் செயலி மட்டும் விரைவதில்லை; அதே துடிப்பில் தொங்கும் விரிவாக்க அட்டைகளும் விரையும். அவை தாங்கா. ஆகவே தயாரிப்பாளர்கள் விரிவாக்கப் பாட்டையை 8 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நிறுத்திவிட்டுச் செயலியின் துடிப்பை அதிலிருந்து பிரித்தனர். கணினிக்குள் முதன்முறையாக இருவேறு காலங்கள் ஓடத் தொடங்கின.

3. பெருக்கெண்ணின் பிறப்பு

1989-இல் இன்டெல் 486 செயலி 25 மெகாஹெர்ட்ஸில் வந்தது. 1991-இல் அது 50 மெகாஹெர்ட்ஸை எட்டியபோது செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் பாட்டையும் (பலர் ‘பஸ்’ என்றே வழங்குவது) 50-இல் ஓட வேண்டியிருந்தது. சில்லுக்குள் மில்லிமீட்டர் தொலைவில் எளிதாகும் வேகம், பலகையில் பல சென்டிமீட்டர் நீளும் செம்புத் தடத்தில் எளிதன்று. 50-இல் ஒழுங்காக இயங்கும் பலகைகளையும் அட்டைகளையும் செய்வது அன்று பெருஞ்சிரமமாயிற்று.

1992-இல் வந்த 486 டிஎக்ஸ்2 வேறு வழி கண்டது. பலகை 33-இலேயே நிற்க, செயலி தனக்குள் அதை இரண்டால் பெருக்கி 66-இல் ஓடியது. இதைச் செய்வது கட்டப்பூட்டு வளையம் என்னும் மின்சுற்று. அது தானே ஒரு விரைந்த துடிப்பை உண்டாக்கி, அதைப் பெருக்கெண்ணால் வகுத்து, வெளியிலிருந்து வரும் துடிப்போடு ஒப்பிடும். பிந்தினால் விரைவுபடுத்தும், முந்தினால் தாமதப்படுத்தும். சிவனசமுத்திரக் காலத்தின் இரட்டை எந்திரம் செய்த வேலையையே இது மணலளவு சிலிக்கானில் செய்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. செயலி 66-இல் எண்ணும், நினைவகம் 33-இல் பதில் சொல்லும். கேட்ட தரவு வரும்வரை செயலி சும்மா காத்திருக்கும். அக்காத்திருப்பைக் குறைக்கவே செயலிக்குள் 8 கிலோபைட் கேஷ் நினைவகம் இருந்தது. கேஷுக்குள் அடங்கும் கணக்குகளில் டிஎக்ஸ்2-66 வென்றது. நினைவகத்தை ஓயாமல் நாடும் வேலைகளில் 50 மெகாஹெர்ட்ஸ் பாட்டை கொண்ட பழைய 486 அதற்கு ஈடுகொடுத்தது. ‘எது வேகமான கணினி’ என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணால் விடை சொல்லும் காலம் அன்றே முடிந்துவிட்டது. விற்பனை மட்டும் ஒற்றை எண்ணிலேயே தொடர்ந்தது.

இதற்குத் தெளிவான சான்று பென்டியம் குடும்பம். புணேயில் பிறந்த வினோத் தாமின் தலைமையில் உருவாகி 1993-இல் வெளிவந்த செயலி அது. அதன் பாட்டை ஒரு துடிப்புக்கு 8 பைட் சுமக்கும். பென்டியம் 133 என்பது 66.6 × 2. பென்டியம் 150 என்பது 60 × 2.5. முன்னதற்கு நொடிக்கு 533 மெகாபைட்டும் பின்னதற்கு 480 மெகாபைட்டும் வரத்து. செயலித் துடிப்பு ஒன்றுக்கு எத்தனை பைட் என்று வகுத்துப் பார்த்தால் 133-க்கு 4, 150-க்கு 3.2. பெயரில் 17 மெகாஹெர்ட்ஸ் கூடியதற்காக வாங்குபவர் அதிகப் பணம் கொடுத்தார். பயனில் அந்தக் கூடுதல் பல வேலைகளில் மறைந்துபோனது.

4. பூட்டும் அதன் எதிர்விளைவும்

செயலிகள் ஒரே தகட்டிலிருந்து வெட்டப்படுகின்றன. சோதனைக்குப் பின் ஒன்றுக்கு 133 என்றும் மற்றொன்றுக்கு 166 என்றும் முத்திரை விழுகிறது. முத்திரை என்பது இயற்கையின் எல்லையன்று. பாதுகாப்பு இடைவெளி விட்டு, சந்தையின் தேவையையும் கருதி எழுதப்படும் ஒரு தீர்ப்பு அது. 166-ஐத் தாங்கும் சில்லு பல நேரம் 133 என்றே விற்கப்பட்டது.

அந்த இடைவெளியில் இருவர் நுழைந்தனர். ஒருவர், தாம் வாங்கிய பொருளைத் தாமே விரைவாக ஓட்டிப்பார்த்த ஆர்வலர். மற்றவர், முத்திரையை அழித்து வேறு முத்திரை இட்டு ஏமாற்றி விற்ற வணிகர். 1990களின் நடுவில் போலி முத்திரைச் செயலிகள் உலகச் சந்தையில் பெருகின. ஏமாந்தவர் கடைசி வாங்குபவர். இன்டெல் பெருக்கெண்ணைச் சில்லுக்குள்ளேயே பூட்டியது. இந்தப் பூட்டுக்கு நியாயமான காரணமும் உண்டு, மலிவான செயலி விலையுயர்ந்ததற்குப் போட்டியாவதைத் தடுக்கும் வணிகக் காரணமும் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதும் வரலாறு அரைகுறையானது.

பெருக்கெண் பூட்டப்பட்டதும் ஆர்வலர் பாட்டையின் பக்கம் திரும்பினர். 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ அந்தத் திருப்பத்தின் அடையாளம். அது 66.6 × 4.5 = 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கெண் 4.5-ஐ மாற்ற முடியாது. ஆனால் அவ்வாண்டு வந்த 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையைத் தந்தது. 100 × 4.5 = 450. அதே காலத்தில் வெளியான உயர்விலை பென்டியம் II-இன் வேகமும் அதுவே. செலரானின் 128 கிலோபைட் கேஷ் அளவில் சிறியதாயினும் செயலியின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் II-இன் 512 கிலோபைட் கேஷ் பாதி வேகத்தில் ஓடியது.

மாணவர் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பெருக்கெண்ணை மட்டும் உயர்த்தி 66.6 × 7 என 466-க்குக் கொண்டுசென்றிருந்தால், செயலித் துடிப்பு ஒன்றுக்குரிய தரவு 1.78 பைட்டிலிருந்து 1.14-ஆகச் சுருங்கியிருக்கும். பாட்டையை உயர்த்தியபோது அந்த விகிதம் 1.78-ஆகவே நின்றது, வேகத்தோடு வரத்தும் வளர்ந்தது. வேகத்தைத் தடுக்க வைத்த பூட்டே ஆர்வலரைச் சமநிலையான வழிக்குத் தள்ளியது.

பாட்டை பொதுவானது என்பதால் அதன் விளைவுகளும் பொதுவானவை. வன்வட்டும் வலை அட்டையும் தொங்கும் பிசிஐ பாட்டை 33 மெகாஹெர்ட்ஸுக்கு வகுக்கப்பட்டது. தாய்ப்பலகை பிரதான பாட்டையை 2-ஆலோ 3-ஆலோ வகுத்து அதைப் பெறும். 66-ஐ 2-ஆல் வகுத்தால் 33. 100-ஐ 3-ஆல் வகுத்தாலும் 33. இடையிலுள்ள 83-ஐத் தேர்ந்து 2-ஆல் வகுத்தால் 41.5 வரும். அந்த வேகத்தில் வன்வட்டின் தரவு சிதையும் வாய்ப்பு உண்டு. ஆகவே 375 மெகாஹெர்ட்ஸில் மிதமாக ஓடிய கணினி, 450-இல் துணிந்து ஓடிய கணினியைவிட ஆபத்தானதாக இருக்க முடிந்தது. மிதம் என்பது எப்போதும் பாதுகாப்பன்று. எல்லா உறுப்புகளும் தத்தம் இயல்பான துடிப்பில் நிற்பதே பாதுகாப்பு.

ஏஎம்டி நிறுவனத்தின் வரலாறு இன்னொரு வகை. 2000-இல் வந்த அத்லான் செயலியின் மேற்புறத்தில் சில செம்பு இணைப்புகள் அறுக்கப்பட்டிருந்தன. பென்சில் முனையால் கோடு போட்டுக் கிராபைட்டால் அவற்றை இணைத்தால் பெருக்கெண்ணின் பூட்டு திறந்தது. அடுத்த தலைமுறையில் லேசரால் குழி தோண்டி அந்த இணைப்புகளை அறுத்தனர். ஒரு பென்சிலுக்கு எதிராக ஒரு லேசர்.

5. பெங்களூரில் முடிந்த ஒரு யுகம்

பொதுப் பாட்டையின் எல்லை கர்நாடக மண்ணிலேயே ஒருமுறை சோதிக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் வெளியான ‘டனிங்டன்’ எனப்பட்ட ஸியான் 7400 வரிசைச் செயலி, இன்டெல்லின் பெங்களூர் மையத்தில் வடிவமைக்கப்பட்டது. ஆறு கருக்கள், 190 கோடி டிரான்சிஸ்டர்கள், 16 மெகாபைட் கேஷ். அதன் உயர்நிலைப் பதிப்பின் கணக்கு: 266 × 10 = 2.66 கிகாஹெர்ட்ஸ்.

பாட்டை ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு முறை தரவு சுமந்து நொடிக்கு 8.5 கிகாபைட் தந்தது. அதை ஆறு கருக்கள் பங்கிட்டால் கருத்துடிப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ அரை பைட். பென்டியம் 133-க்குக் கிடைத்த 4 பைட்டோடு இதை ஒப்பிட்டால், பதினைந்தே ஆண்டுகளுக்குள் பெருக்கம் பொதுத் துடிப்பை எவ்வளவு முந்திவிட்டது என்பது விளங்கும். அத்தனை பெரிய கேஷ் ஆடம்பரமன்று. வரத்துப் பற்றாக்குறைக்குக் கட்டிய அணை. ஒடுங்கிய பாட்டையை வைத்துக்கொண்டு ஆறு கருக்களுக்கும் தரவு ஊட்டியதில் பெங்களூர்ப் பொறியாளரின் திறன் தெரிகிறது. அதே ஆண்டு நவம்பரில் வந்த நெகலெம் செயலி நினைவகக் கட்டுப்பாட்டைத் தன்னுள்ளேயே எடுத்துக்கொண்டு பழைய பாட்டை முறையைக் கைவிட்டது.

2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் வட்டத்தை முழுமையாக்கியது. செயலி, பிசிஐ எக்ஸ்பிரஸ், வன்வட்டு இணைப்பு ஆகிய எல்லாம் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் மூலத்துடிப்பில் கட்டப்பட்டன. அதைச் சில விழுக்காடு உயர்த்தினாலே ஏதேனும் ஓர் உறுப்பு தடுமாறும். இந்திய மின்வலையமைப்பும் இன்று இப்படித்தான். 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே தென்னக வலையமைப்பு வடக்கோடு ஒத்தியங்கத் தொடங்கியபின் நாடு முழுதும் ஒரே துடிப்பு, 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் அதை வைத்திருப்பது விதி. துடிப்பு எவ்வளவு பேருக்குப் பொதுவாகிறதோ, அவ்வளவுக்கு அது அசையாப் பொருளாகிறது.

எஞ்சியது பெருக்கெண் மட்டுமே. அதன் பூட்டைத் திறந்த செயலிகள் ‘கே’ என்னும் எழுத்தோடு தனியே விற்பனைக்கு வந்தன. ஐ5 2500-க்கும் 2500கே-க்கும் அறிமுக விலையில் 11 டாலர் வேறுபாடு. முன்பு பென்சிலால் பெற்ற உரிமை இப்போது விலைப்பட்டியலில் ஒரு வரியாயிற்று.

6. ஆய்வுக்கூடத்தில் எழும் கேள்வி

வேகத்துக்கு வெப்பமும் விலை. செயலி உண்ணும் ஆற்றல் துடிப்புக்கு நேர்விகிதமாகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் உயரும். துடிப்பை 20 விழுக்காடும், அதைத் தாங்க மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் உயர்த்தினால் 1.2 × 1.21 = 1.45; அதாவது ஆற்றல் செலவு 45 விழுக்காடு கூடும். வேகம் 20 மட்டுமே கூடும், பாட்டையைத் தொடாவிட்டால் அதுவும் முழுதாகக் கிட்டாது.

ஆய்வாளருக்கு இதைவிடக் கவலை தர வேண்டியது வேறொன்று. எல்லை மீறி ஓடும் கணினி எப்போதும் நின்றுபோவதில்லை. சிலவேளை நிற்காமலே தவறான விடையைத் தரும். 1994-இல் பென்டியத்தின் வகுத்தல் பிழையை வெளிக்கொணர்ந்தவர் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர். இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டியபோது விடைகள் ஒத்துவராததை அவர் விடாமல் துரத்தினார். அது வடிவமைப்புப் பிழை, ஓவர்கிளாக்கிங்கால் வந்ததன்று. ஆயினும் அது தந்த பாடம் இங்கும் பொருந்தும்: கணினி ஓடிக்கொண்டிருப்பது அதன் விடை சரியென்பதற்குச் சான்றாகாது. விளையாட்டில் ஒரு புள்ளி நிறம் மாறினால் இழப்பில்லை. பல நாள் ஓடும் உருவகக் கணக்கில் ஓர் எண் மாறினால் ஆய்வேடே பிழையாகலாம்.

கோலார் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அவற்றுக்காகத் தேர்ந்த 25 சுற்றுத் துடிப்பும் வழக்கொழிந்தது. சிவனசமுத்திரத்தில் காவிரி இன்றும் மின்சாரம் தருகிறது, நாட்டின் பொதுத் துடிப்போடு ஒத்து. ஒரு துடிப்பைத் தேர்ந்தவர் யார், அது எவருடைய வேலைக்காக, அதன் மீது தனக்கென ஒரு மடங்கு எடுத்துக்கொள்ளும் உரிமை எவருக்கு விடப்பட்டது என்று கேட்டால் அணைக்கட்டின் வரலாறும் சில்லின் வரலாறும் ஒரே பாடத்திட்டத்தில் அடங்கும். மெகாஹெர்ட்ஸ் எண்களை மட்டும் ஆண்டுவாரியாக அடுக்கினால் அந்தக் கேள்விகள் எழுவதே இல்லை.